சர்வீஸ் முடிந்த ஜனதா வாட்ச் ஏன் 92 வினாடி முன்னே ஓடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் உள்ள என் வாட்ச் பழுதுபார்க்கும் கடையில் நடந்தது இது. ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை தொடக்கத்தில் முடிந்தது. முதல் பிழை என்னுடையது என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

வாடிக்கையாளர் ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். டூட்டியில் ஏறும் முன் ஸ்டேஷன் கடிகாரத்தோடு தன் வாட்ச்சை ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவர். அந்தப் பழக்கம் விடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ச்சை செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முன், எத்தனை வினாடி பின் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். இந்த நோட்டு பின்னால் முக்கியமாக வரும்.

வாட்ச், எச்.எம்.டி. ஜனதா. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த, கையால் சாவி கொடுக்கும் 17 கல் (உராய்வைக் குறைக்கப் பதித்த கற்கள்) இயந்திரம் இது. டயலில் 'பாராஷாக்' என்று இருக்கும். கீழே விழுந்தால் பேலன்ஸின், அதாவது இப்படியும் அப்படியும் வீசி நேரத்தை அளக்கும் சக்கரத்தின், அச்சு முறியாமல் காக்கும் அமைப்பின் பெயர். நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட 2016-இல் முடிவானபோது, இந்த மாடலை வாங்கிச் சேர்க்க ஒரு கூட்டமே கிளம்பியது. எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் வேலை தருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வந்தபோது புகார் இரண்டு. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு நிமிடம் பின்தங்குகிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை ராத்திரியில் நின்றுபோகிறது. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டேன். "என் பையன் காலேஜ் படிக்கறப்ப" என்றார். பையனுக்கே இப்போது கல்லூரி போகிற மகள் இருக்கிறாள்.

முதலில் கண்டது

டைமிங் மெஷினில் வைத்துப் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வாட்ச்சின் டிக் டிக் ஓசையை ஒரு மைக் கேட்டு, அது நாளைக்கு எத்தனை வினாடி முன்னே அல்லது பின்னே போகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவி அது. இந்த இயந்திரம் மணிக்கு 18,000 டிக். ஒரு நாளைக்கு 4,32,000. அதில் 150 டிக் கூடினாலே 30 வினாடி முன்னே போய்விடும். இதை வாடிக்கையாளர்களிடம் சொன்னால், அப்புறம் பத்து வினாடிக்குச் சண்டை போட மாட்டார்கள்.

முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தபோது ஓட்டம் −190. வீச்சு 180 டிகிரி. வீச்சு என்பது பேலன்ஸ் சக்கரம் நடுநிலையிலிருந்து ஒரு பக்கமாக எவ்வளவு தூரம் வீசிப் போகிறது என்பது. நல்ல நிலையில் இருக்கும் இந்த ரக இயந்திரத்தில் 260, 270 எதிர்பார்க்கலாம். டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம், அதாவது பீட் எரர், 2.8 மில்லி வினாடி. ஒவ்வொரு டிக்கும் திரையில் ஒரு புள்ளி; ஓட்டம் சீராக இருந்தால் புள்ளிகள் சேர்ந்து நேர்கோடாகும். இங்கே புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

ஒரு குறிப்பு. வீச்சைக் கணக்கிட, அந்தந்த இயந்திரத்துக்கு உரிய லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை மெஷினில் கொடுக்க வேண்டும். நான் மெஷினோடு வந்த 52 டிகிரியை மாற்றவில்லை. ஆகவே இங்கே வரும் வீச்சு எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ்

சர்வீஸில் புதுமையாக எதுவும் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் கழற்றியதில் எண்ணெய் பழுப்புப் பிசினாகக் காய்ந்திருந்தது. கழுவி, கல் துளைகளைக் குச்சியால் துடைத்து, களைத்துப்போன மெயின் ஸ்பிரிங்கை, அதாவது சாவி கொடுத்தால் முறுகி வாட்ச்சை ஓட்டும் சுருளை, மாற்றினேன். அச்சு முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழலும் இடங்களுக்குக் கனத்த எண்ணெய், பேலட் கற்களின் முகத்துக்கு அதற்கென்று உள்ள எண்ணெய். அந்தக் கற்களைத் தாங்கி, பேலன்ஸுக்கு உந்துதல் தரும் பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு எண்ணெய் வைக்கவில்லை. ஹேர் ஸ்பிரிங், அதாவது பேலன்ஸைத் திரும்பத் திரும்ப நடுநிலைக்கு இழுக்கும் மெல்லிய சுருள், நேராக, சம இடைவெளியோடு இருந்தது, அதைத் தொடவில்லை. பீட் எரரை 0.4-க்குக் கொண்டுவந்தேன்.

முழுச் சாவியில் எடுத்த எண்கள்: டயல் மேலே +5, வீச்சு 272. டயல் கீழே +8, வீச்சு 270. பன்னிரண்டு மணி மேலே வர நிமிர்த்தி வைத்தால் −4, வீச்சு 242. சாவி (முறுக்கும் குமிழ்) கீழ்நோக்கி −9, வீச்சு 240. படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் இந்த அளவு வித்தியாசம் இத்தனை வயதான வாட்ச்சில் சாதாரணம். நின்ற நிலையில் அச்சு பக்கவாட்டில் உராய்வதால் வீச்சு குறையும். சக்கரத்தில் ஒரு பக்கம் துளி கனம் கூடியிருந்தால், அதுவும் நின்ற நிலையில்தான் தெரியும்.

24 மணி நேரம் ஓடவிட்டு, சாவி இறங்கிய நிலையில் மறுபடி எண் எடுப்பது என் வழக்கம். அன்று எடுக்கவில்லை. மறுநாள் பேரனுக்குக் காதுகுத்து, கட்டிக்கொண்டு போக வாட்ச் வேண்டும் என்று மாலையே வந்து நின்றார். மெஷினில் பச்சையாக +5 என்று எரிந்தது. முழுச் சாவி கொடுத்து, சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள்: முன்னே ஓடுகிறது

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். "தம்பி, நாலு நிமிஷம் பின்னாடி போன வாட்ச்சு இப்ப ஒன்றரை நிமிஷம் முன்னாடி போகுது. ரெண்டுக்கும் நடுவுல நிக்காதா?" என்றார். கோபமில்லை, கிண்டல்தான். நோட்டைப் பிரித்து நீட்டினார். நான் கடைசி வரியை மட்டும் பார்த்தேன்: +91.

மெஷினில் வைத்தேன். +92. வீச்சு 250. கோடு சுத்தமாக, நேராக ஓடியது.

அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. சூட்டுக்கு வாட்ச் வேகம் பிடித்திருக்குமோ என்றார். இருக்காது. சாதாரண எஃகு ஸ்பிரிங் சூட்டில் தளரும். வாட்ச் பின்தான் தங்கும். பழைய காலத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. ஒரு டிகிரிக்கே நாளைக்குப் பத்து வினாடிபோல மாறும். வெப்பத்துக்கு விறைப்பு மாறாத இரும்பு–நிக்கல் உலோகக் கலவையைக் கண்டுபிடித்து இதைத் தீர்த்தவர் சுவிஸ் அறிஞர் ஷார்ல் எதுவார் கியோம். நிக்கல்–எஃகுக் கலவைகளில் அவர் செய்த வேலைக்காக 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழி வந்த கலவைகளில்தான் பின்னர் ஹேர் ஸ்பிரிங்குகள் செய்யப்பட்டன. ஆகவே திருச்சி வெயிலானாலும் ஒரு நாளைக்கு 90 வினாடி மாறாது; மாறினாலும் எதிர்த்திசையில்தான் மாறும். இதை அவரிடம் நன்றாகவே விளக்கினேன்.

விளக்கிவிட்டு, வேறு என்ன காரணம் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. அன்று கடையில் கூட்டம். பின்மூடியைத் திறந்தேன். ஹேர் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளத்தை மாற்றி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கம்பியை மெதுவான பக்கம் நகர்த்தினேன். +92 என்பது +3 ஆனது. மூடிக் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

இந்த முடிவை ஏன் எடுத்தேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். கோடு நேராக இருந்ததால் இயந்திரம் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். சர்வீஸுக்குப் பிறகு எண்ணெய் எல்லா இடத்திலும் படிந்து ஓட்டம் கொஞ்சம் மாறும், அதுதான் போல என்று நினைத்தேன். எண்ணெய் படிவதால் நான்கைந்து வினாடி மாறலாம். சர்வீஸ் முடித்து +5-இல் கொடுத்த வாட்ச் தானாக +92 ஆகாது. அப்படி ஆனால் காரணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டுச் சுருள்கள் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அடிபட்டு ஒரு சுருள் ரெகுலேட்டர் ஊசியில் மாட்டியிருக்க வேண்டும், அல்லது காந்தம் ஏறியிருக்க வேண்டும். மூன்றில் எதற்கும் ரெகுலேட்டர் மருந்தல்ல. இது எனக்குத் தெரியாததல்ல. கடைப் பையனுக்கு நானே பத்து தடவை சொல்லிக் கொடுத்தது.

பதினாறாம் நாள்: நோட்டைப் படித்தது

ஒரு வாரம் கழித்து மூன்றாவது முறை வந்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "மறுபடியும் முன்னாடிதான். ரெண்டு நிமிஷத்துக்கு மேல" என்றார். மெஷினில் +138. வீச்சு 231.

கடையில் அப்போது ஆள் இல்லை. நோட்டை வாங்கி முதல் நாளிலிருந்து படித்தேன். முதல் மூன்று நாள்: +2, 0, −3. நான்காம் நாள் +64. ஐந்தாம் நாள் +88. அங்கிருந்து எட்டாம் நாள் வரை தொண்ணூறுக்குப் பக்கத்தில். ரெகுலேட்டரை நகர்த்தியபின் இரண்டு நாள் +4, +6. அடுத்த நாள் +79. பின் ஏறிக்கொண்டே போய் +136.

ஓட்டம் மெல்ல மாறவில்லை. இரண்டு முறையும் ஒரே ராத்திரியில் தாவியிருக்கிறது. இது முந்தைய வாரமே என் முன்னால் நீட்டப்பட்ட நோட்டில் இருந்த செய்தி.

மேசை டிராயரில் ஒரு சின்னத் திசைகாட்டி கிடக்கும். வாட்ச்சை அதன் பக்கத்தில் கொண்டுபோனதும் ஊசி திரும்பியது. பேலன்ஸ் இருக்கும் பகுதிக்கு நேராக வைத்தபோது ஊசி நிலைகொள்ளாமல் துடித்தது. காந்தம் ஏறியிருந்தது.

ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்பிரிங் சுருங்கியதுபோல, நீளம் குறைந்ததுபோல வேலை செய்யும். நீளம் குறைந்த ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். பேலன்ஸ் சீக்கிரம் சீக்கிரம் திரும்பும். வாட்ச் முன்னே ஓடும். கோடு நேராகவே இருந்ததுதான் என்னை ஏமாற்றியது. சுருள்கள் பளிச்சென்று ஒட்டிக்கொண்டால் கோடு கலைந்து உடனே தெரிந்திருக்கும். இலேசாக ஏறியபோது எண் மட்டும் மாறியது.

"மூணாம் நாள் ராத்திரி வீட்டுல என்ன மாறுச்சு, சார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். காதுகுத்து முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், பேரனை வீடியோவில் பார்க்க. அதற்கு மடக்குகிற கவர், மூடினால் 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும். சர்வீஸ் செய்த வாட்ச்சைச் சுவரில் ஆணியில் தொங்கவிட மனமில்லாமல், முதல் சில நாள் நான் கொடுத்த பெட்டியில் வைத்திருக்கிறார். டேப்லெட் வந்த ராத்திரி முதல், கீறல் விழாமல் மெத்தென்று இருக்கிறதே என்று அந்தக் கவர்மேல் வைக்கத் தொடங்கியிருக்கிறார். நான் ரெகுலேட்டரை நகர்த்திய பிறகு இரண்டு நாள் டேப்லெட் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறது. அந்த இரண்டு நாள்தான் +4, +6.

அதாவது அந்த இரண்டு நாளும் வாட்ச் சரியாக ஓடியது, முன்பே ஏறியிருந்த காந்தமும் என் ரெகுலேட்டர் தவறும் ஒன்றையொன்று சமன் செய்ததால்தான்.

காந்தம் நீக்கியதும் வெளியே வந்தது

காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி கடையில் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் கம்பிச்சுருள்தான். பொத்தானை அழுத்திக்கொண்டே வாட்ச்சை அதன்மேல் வைத்து, பொத்தானை விடாமல் கையை மெதுவாக ஒரு முழம் தூரம் விலக்க வேண்டும். விலக்கும் முன் பொத்தானை விட்டால் காந்தம் மிச்சமிருக்கும், சில சமயம் கூடிவிடும். இரண்டு முறை செய்தேன். திசைகாட்டி ஊசி சும்மா இருந்தது.

மெஷினில் −86.

முந்தைய வாரம் நான் நகர்த்திய கம்பியின் முழுக் கணக்கும் அப்படியே வெளியே வந்தது. +92-ஐ +3 ஆக்க 89 வினாடி குறைத்திருந்தேன். காந்தம் போனதும் அந்த 89-உம் தனியாக நின்றது: சர்வீஸ் முடித்த அன்றைய +5-இலிருந்து 89 போனால் −84. மீதி இரண்டு வினாடி அளவின் ஏற்ற இறக்கம். ரெகுலேட்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டயல் மேலே +4, வீச்சு 271. சர்வீஸ் முடித்த அன்றைய எண்ணேதான். என் சர்வீஸில் குறை இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. குறையில்லாத ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தோம் என்பதில் வெட்கம்.

அவர் கிளம்பும் முன் நடந்ததைச் சொன்னேன். ரெகுலேட்டரை நகர்த்தியது தவறு என்பதையும் சொன்னேன். பணம் எதுவும் வாங்கவில்லை. "கவர் மேல வைக்காதீங்க, சார். செல்போன், ஸ்பீக்கர் பக்கத்துலயும் வேண்டாம்" என்றேன். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இது அடுத்த பிழை.

அன்று மாலை ஒரு சோதனை செய்தேன். கடையில் கிடந்த வேறொரு பழைய ஜனதாவை அதேபோன்ற மடக்குக் கவர்மேல் இரவு முழுக்க வைத்தேன். காலையில் 60 வினாடிக்கு மேல் முன்னே ஓடியது. காந்தம் நீக்கிவிட்டு, மறு இரவு அதே கவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. காந்தத்தின் பலம் தூரத்தோடு வெகு வேகமாகக் குறைகிறது. ஒட்டி வைப்பதற்கும் ஒரு சாண் தள்ளி வைப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். காந்தத்தைத் தாங்கும் கைக்கடிகாரம் என்று அழைக்க ஐ.எஸ்.ஓ. 764 தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவு காந்தப் புலத்தில் வைத்தபின்னும் 30 வினாடிக்கு மேல் ஓட்டம் மாறக் கூடாது என்பதை. இந்த ஜனதாவிடம் அந்த வாக்குறுதியே கிடையாது. டேப்லெட் கவர் என்ற ஒன்று வரும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கவும் முடியாது.

மூன்றாவது சுற்று: இப்போது பின்னே

பத்து நாள் கழித்து ஃபோன் செய்தார். இந்தத் தடவை முழு நோட்டையும் படித்துக் காட்டச் சொன்னேன். முதல் நாள் −5. பிறகு −8, −11, −14. ஐந்தாம் நாளிலிருந்து −16, −17 என்று நின்றுவிட்டது.

தாவல் இல்லை, படிப்படியான இறக்கம். ஆகவே காந்தம் அல்ல. நாளுக்கு நாள் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போயிருக்கிறது. வாட்ச்சில் நாளுக்கு நாள் குறையக்கூடியது சாவிதான்.

கடைக்கு வரச் சொன்னேன், சாவி கொடுக்காமல். வழக்கமாக அவர் சாவி கொடுக்கும் நேரம் ராத்திரி ஒன்பது. கொஞ்சம் முன்னதாக, எட்டரைக்கு வந்தார். மெஷினில் டயல் மேலே −1, வீச்சு 196. பன்னிரண்டு மேலே −22, வீச்சு 174. சாவி கீழே −26, வீச்சு 172. பிறகு, "வீட்டுல கொடுக்கற மாதிரியே கொடுங்க" என்று சொல்லி அவரையே சாவி கொடுக்க வைத்தேன். கட்டைவிரலால் எண்ணி இருபது முறுக்கு. நிறுத்திவிட்டார். இன்னும் தாராளமாக இடம் இருந்தது.

ஏன் இருபது? "அதுக்கு மேல முறுக்கினா ஸ்பிரிங் அறுந்துடும்னு மாமனார் சொல்லிக் கொடுத்தாரு" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். இந்த நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. வாட்ச் நின்றுபோய், சாவி திருப்ப முடியாமல் இறுகி இருப்பதைப் பார்த்தவர்கள், இறுக முறுக்கியதால்தான் நின்றது என்று முடிவு கட்டியிருப்பார்கள். உண்மையில் அழுக்கால் நின்ற வாட்ச்சில் சாவி இறங்காது. அதனால் இறுக்கமாக இருக்கும். தடுக்கும் வரை முறுக்கி, தடுத்ததும் கையை எடுத்தால் ஒன்றும் ஆகாது.

கணக்குப் பார்த்தோம். அவர் கை முறுக்கில் இந்த வாட்ச் ஒரு நாளைக்கு 22, 23 முறுக்கு செலவழிக்கிறது. வரவு 20. முழுச் சாவியோடு நான் கொடுத்தனுப்பியதும் நாளுக்கு இரண்டு, மூன்று என்று கரைந்து, வீச்சு இறங்கி, அதோடு ஓட்டமும் இறங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் ஒரு கட்டத்தில் நின்றுதானே போக வேண்டும் என்று கேட்டேன். "முள்ளு தயங்கற மாதிரி தெரிஞ்சா ரெண்டு சுத்து கூடப் போடுவேன்" என்றார். ஐந்தாம் நாளிலிருந்து −17-இல் நின்றதற்கு அதுதான் விளக்கம். சர்வீஸுக்கு முன் பத்து நாளைக்கு ஒரு தடவை ராத்திரியில் நின்றதன் காரணத்தில் பாதியும் இதுவே. அந்தப் புகாரை முழுக்கப் பழைய எண்ணெயின் கணக்கில் எழுதிவிட்டு, எப்படிச் சாவி கொடுக்கிறீர்கள் என்று அன்று நான் கேட்கவே இல்லை.

மீதிக் காரணம் ஆணி. கவர் வேண்டாம் என்று நான் சொன்னதும், பழையபடி சுவரில் ஆணியில் தொங்கவிடத் தொடங்கியிருக்கிறார். தொங்கும்போது பன்னிரண்டு மேலே. சாவி குறைந்த நிலையில் அந்த வாட்ச் நாளைக்கு 22 வினாடி பின்தங்கும் நிலை அது. பகலில் கையில் கட்டி நடக்கும்போது, கையைத் தொங்கவிட்டால் சாவி கீழ்நோக்கும். அதுவும் பின்தங்கும் நிலை. ராத்திரி, பகல் இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன.

எடுத்த முடிவு

இரண்டு வழி இருந்தது. ஒன்று, ரெகுலேட்டரை 17 வினாடி வேகமாக்குவது. முன்பு செய்த தவறின் தம்பி அது. ஒரு நாள் அவர் முழுச் சாவி கொடுத்தால் வாட்ச் முன்னே ஓடும். இன்னொன்று, பழக்கத்தை மாற்றுவது. நாற்பது வருஷப் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் இவர் தினமும் நோட்டு எழுதுகிறவர். எண் மாறுவதைக் கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்று தோன்றியது.

மூன்று மாற்றம் கேட்டேன். சாவியை ராத்திரிக்குப் பதில் காலை ஆறு மணிக்கு, நோட்டு எழுதிய கையோடு, தடுக்கும் வரை கொடுப்பது. அப்படிச் செய்தால் கையில் அலையும் நேரத்தில் ஸ்பிரிங் நிறைவாக இருக்கும். ராத்திரி ஆணியில் தொங்கவிடாமல் பெட்டியில் டயல் மேலே படுக்க வைப்பது. பகலில் இழந்ததில் கொஞ்சம் ராத்திரி திரும்பி வரும். பெட்டி டேப்லெட்டுக்குக் கைநீளம் தள்ளி இருப்பது.

மாமனார் சொல்லை மீறத்தான் அதிக நேரம் பிடித்தது. கடையில் கிடந்த ஓர் இயந்திரத்தைத் திறந்து, மெயின் ஸ்பிரிங் எங்கே போய்த் தடுக்கிறது என்று காட்டினேன். பார்த்துவிட்டு, "அவரு காலத்து ஸ்பிரிங் வேற" என்றார். மாமனாரையும் விட்டுக்கொடுக்காமல் என் பேச்சையும் கேட்க அவருக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. பழைய கார்பன் எஃகு ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து முறிந்ததும் உண்டு என்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை.

ஐந்து நாள் கழித்து நோட்டில் −1, 0, −2, 0, −1. அவருக்கு ஒரு வாட்ச் பின்தங்குவதைவிட முன்னே போவதுதான் பிடிக்கும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். ரெகுலேட்டரை மயிரிழை, நான்கு வினாடி அளவு, வேகப் பக்கம் நகர்த்தினேன். இந்தத் தடவை காரணம் தெரிந்து.

விளைவு

அதிலிருந்து 30 நாள் அவர் முள்ளைத் திருத்தவே இல்லை. முப்பதாம் நாள் காலை வாட்ச் 1 நிமிடம் 35 வினாடி முன்னே இருந்தது. சராசரி நாளைக்கு மூன்று வினாடிக்குச் சற்று அதிகம். மிக அதிகமாக வந்த நாள் +7, மிகக் குறைவு −2.

"அப்ப சுவிஸ் வாட்ச் அளவுக்கு வந்துடுச்சா?" என்று கேட்டார். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்க, இயந்திரத்தை 15 நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பங்களில் சோதிக்கிறார்கள். சராசரி −4-க்கும் +6-க்கும் நடுவில் வர வேண்டும். நிலைக்கு நிலை உள்ள வித்தியாசத்துக்கும் தனி வரம்பு உண்டு. சராசரியில் இவர் வாட்ச் அந்த வரம்புக்குள் நிற்கிறது. ஆனால் ஒருவர் பழக்கத்துக்கு ஏற்ப ஒட்டிக்கட்டி வந்த எண் இது. வேறொருவர் கையில் கட்டினால் வேறு எண்தான் வரும். அதையும் அவரிடம் சொன்னேன்.

கடையில் மாறியவை

24 மணி நேர அளவு எடுக்காமல் எந்தச் சாவி வாட்ச்சும் இப்போது வெளியே போவதில்லை. அன்று நான் அதை எடுத்திருந்தால், சாவி இறங்கினால் நின்ற நிலையில் −20-க்கு மேல் பின்தங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். எப்படிச் சாவி கொடுப்பீர்கள் என்ற கேள்வியும் தானாக வந்திருக்கும். காதுகுத்து என்றால் காதுகுத்து முடிந்து மறுபடி கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் வருவதில்லை. என்ன செய்ய முடியும்?

திசைகாட்டி டிராயரிலிருந்து மேசைமேல் வந்துவிட்டது. ஓட்டம் மாறிவிட்டது என்று திரும்பி வரும் வாட்ச் முதலில் அதனருகே போகிறது, பிறகுதான் மெஷினுக்கு. பின்மூடியைத் திறக்கும் முன், எந்த நாளிலிருந்து மாறியது என்று கேட்கிறேன். பெரும்பாலோர் நோட்டு வைத்திருப்பதில்லை. அதனால் சர்வீஸ் கொடுக்கும்போதே ஒரு சின்ன அட்டையில் நான்கு நிலை எண்களையும் எழுதி, பின்பக்கம் பத்து நாளுக்கு வெற்றுக் கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். நிரப்பிக் கொண்டுவருகிறவர்கள் பாதிக்கும் குறைவு. நிரப்பிய அட்டை வந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ரெகுலேட்டரைத் தொட்டால் எத்தனை வினாடி, எந்தப் பக்கம், ஏன் என்று வேலைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 'ஏன்' என்ற கட்டம் காலியாக இருந்தால் கடைப் பையன் என்னையே கேள்வி கேட்கிறான்.

செய்யாமல் விட்டது

படுத்த நிலையைவிடச் சாவி கீழ்நோக்கும் நிலையில் வாட்ச் மெதுவாக ஓடுவது அப்படியே இருக்கிறது. பேலன்ஸ் சக்கரத்தைக் கழற்றி, கனமான பக்கத்தைக் கண்டுபிடித்து, துளி உலோகம் சுரண்டிச் சமன் செய்தால் அதைக் குறைக்கலாம். ஆனால் சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த இயந்திரத்துக்குப் புது பேலன்ஸ் இனி தயாராகப்போவதில்லை. கிடைப்பதெல்லாம் வேறு வாட்ச்சிலிருந்து கழற்றியது. வாட்ச் இப்போது நன்றாக ஓடுகிறது. செய்யவா, வேண்டாமா என்று அவரையே கேட்டேன். கையைத் தொங்கவிட்டு வாட்ச்சைப் பார்த்தார், பிறகு மடக்கிப் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. நான் ரொம்ப நேரம் நிக்கறதில்ல, உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றார்.